மாவு மில்லில் ஒன்பது நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஓட்டம் நின்று பூட்டிக் கிடந்த ஒரு மாவு மில்லில், பொங்கலுக்குப் பின் வரும் இரண்டாவது சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள், நாங்கள் 23 பேர் சேர்ந்து ஓவியக் கண்காட்சி வைக்கிறோம். செய்தி பரவிய நாளிலிருந்து என் செல்பேசிக்கு ஓய்வில்லை. சொன்ன பதிலையே திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதிவைக்கிறேன். இதைப் படிக்காமலே அழைப்பவர்கள் அழைக்கத்தான் போகிறார்கள். அவர்களுக்கும் இதையே வாசித்துக் காட்டுவதாக உத்தேசம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், இது என்ன கண்காட்சி?

ஓவியம், நிழற்படம், தையல், எழுத்துப் பலகை என்று பலவகை வேலைகள். செய்தவர்கள் எல்லோரும் வடசென்னையில் இருப்பவர்கள், அல்லது இருந்து இடம் மாறியவர்கள். எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்டோம்: கஷ்டகாலத்திலோ அது ஓய்ந்த கையோடோ எதைப் பார்த்து உங்களுக்கு "அடடா" என்று தோன்றியதோ, அதைக் கொண்டுவாருங்கள். சூரியோதயமும் புறாவும் வந்து குவியும் என்று பயந்தேன். வந்தது பெரும்பாலும் சாப்பாடு. பல நாள் கழித்து வீட்டில் கொதித்த முதல் மீன்குழம்பை மூன்று பேர் வரைந்திருக்கிறார்கள். மூன்று குழம்பும் மூன்று நிறம். எந்த வீட்டில் புளி தூக்கல் என்பதைப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எந்தக் கஷ்டகாலத்தைச் சொல்கிறீர்கள்?

எங்கள் தெருவில் இதற்கு வயதைப் பொறுத்துப் பதில் மாறும். ஐம்பதைத் தாண்டியவர்கள் 2004 டிசம்பர் 26 என்பார்கள். அன்று கடல் ஊருக்குள் வந்தது. அதற்குப்பின் பல குடும்பங்கள் கார்கில் நகர்க் கொட்டகைகளில் எத்தனை மழையைக் கழித்தன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். முப்பதுகளில் இருப்பவர்களுக்கு 2015 வெள்ளம். இளையவர்களுக்கு 2020 கோடை. ராயபுரம் மண்டலத்தின் பெயர் தொற்றுக் கணக்கில் தினமும் மேலே நின்றது. வண்ணாரப்பேட்டை என்று முகவரி சொன்னாலே எதிரில் இருப்பவர் ஒரு அடி பின்னால் நகர்ந்த காலம் அது.

ஆனால் இந்தக் கண்காட்சிக்கு விதை 2023 டிசம்பரில் விழுந்தது. 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றில் கலந்து, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. படகின் வயிறு, வலை, நண்டு, கூழைக்கடாவின் இறகு எல்லாம் கறுப்பு. காட்டுக்குப்பத்துக்காரர்களும் மற்ற குப்பத்துக்காரர்களும் வாளியையும் குவளையையும் எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கி எண்ணெயைக் கையால் மொண்டார்கள். அந்த அரிப்பு அடங்குவதற்குள், டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். சுனாமி வந்த அதே தேதி, பத்தொன்பது வருடம் கழித்து. எங்கள் பகுதியில் டிசம்பரை நாட்காட்டியில் கிழிக்கும்போது சற்று வேகமாகவே கிழிப்பார்கள்.

எண்ணெய் படிந்த ஆற்றுக்குப் பக்கத்தில் அழகா? பிரச்சினையை மூடி மறைப்பதாக ஆகாதா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். இருந்தாலும் நியாயமான கேள்வி. சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

வெள்ளம் வடிந்த வாரத்தில் கேமராவோடு பலர் வந்தார்கள். நல்லவர்கள்தான். அவர்களால்தான் செய்தி வெளியே போனது, மறுக்கவில்லை. அவர்களில் ஒருவர், கையைக் கழுவிவிட்டு வந்த எங்கள் மாமாவைப் பார்த்து, "கழுவாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்றார். மாமா கோபப்படவில்லை. "அப்படியா, முன்பே சொல்லியிருக்கலாமே" என்று சங்கடப்பட்டார். என்னை உறுத்தியது அந்தச் சங்கடம்தான். சுத்தமான கையோடு படத்தில் நிற்க எங்களுக்கு உரிமை இல்லை என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

பிறகு படிவங்கள். நிவாரணப் பணம் 6,000 ரூபாய்க்கு ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்தார்கள். வேறு உதவிகளுக்கு வேறு காகிதங்கள். எந்தக் காகிதத்தைப் பிரித்தாலும் "பாதிக்கப்பட்டவர் பெயர்" என்று ஒரு கட்டம், கீழே "பயனாளி கையொப்பம்" என்று ஒரு கோடு. இருபது வருடத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தம் பெயரை அதிகமாக எழுதிய இடம் இந்த இரண்டு கட்டங்கள்தான். மில்லில் ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் "வரைந்தவர்", "தைத்தவர்", "எடுத்தவர்" என்று மட்டுமே இருக்கும். சீட்டில் சோகக்கதை கிடையாது. கதை வேண்டுமென்றால் வரைந்தவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், கேட்டுக்கொள்ளுங்கள். சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.

மூடி மறைப்பது பற்றி: எண்ணெய்க் கசிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரித்தது. ஊர்க்காரர்கள் கொடுத்த மனுக்களின் நகல்கள் நுழைவாயில் மேசையில் இருக்கும். அவற்றையும் எடுத்துப் படியுங்கள். மனு எழுதிய அதே கைதான் உள்ளே மடவைமீன் துள்ளுவதையும் வரைந்திருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சட்டம் போடவில்லை.

பங்கேற்பவர்கள் யார்? தேர்ந்த ஓவியர்களா?

கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்கள் நான்கு பேர். மற்றவர்களில் மீன் விற்பவர்கள், தையற்காரர்கள், ஓய்வுபெற்ற ஒரு செவிலியர், கல்லூரி மாணவர்கள், ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், விளம்பரப் பலகை எழுதும் பெரியவர் ஒருவர்.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை அவர் தூரிகை படாத கடை அபூர்வம் என்று இருந்த காலம் உண்டு. ஃபிளெக்ஸ் அச்சு வந்ததும் அந்தத் தொழில் கண்ணெதிரே கரைந்தது. கொரோனா ஊரடங்கில் ஒரு காய்கறி வண்டிக்காரர் அவரிடம் ஒரு தகரத்தைக் கொடுத்து "தக்காளி உண்டு" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். அதை எழுதியபோதுதான் கை மறக்கவில்லை என்று தெரிந்தது என்கிறார். அந்தத் தகரம் வாசலிலேயே மாட்டியிருக்கிறது. "ளி"யின் மேல் கொக்கியைப் பாருங்கள். ஒரே இழுப்பு. தூரிகையைப் பாதியில் எடுத்திருந்தால் எனாமல் திட்டாக நின்றிருக்கும். எங்கும் திட்டு இல்லை. கண்காட்சியின் பெயர்ப்பலகையையும் அவரே எழுதித் தருகிறார். ஃபிளெக்ஸ் அடித்தால் மலிவு என்று சொன்ன எங்கள் பொருளாளரை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

எண்ணெய்க் கறை படிந்த பழைய வலை ஏன் தொங்குகிறது? அதுவும் கலையா?

இதே கேள்வியை நானே எங்கள் கூட்டத்தில் எழுப்பி, வாக்கெடுப்பில் தோற்றேன். அழகான ஒன்றைக் கொண்டுவரச் சொன்னால் நாற்றமடிக்கும் வலையைக் கொண்டுவந்தால் எப்படி என்று என் வாதம். வலைக்காரர் பேசவில்லை. சாக்கிலிருந்து எடுத்துத் தரையில் விரித்தார். இரண்டு வருடமாக மொட்டைமாடியில் கிடந்தும் கறுப்பு போகவில்லை. நைலான் இழையெல்லாம் தார் பூசியது போல் தடித்து, கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு மூலையில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் புது இழையில் வெள்ளைக் கண்ணிகள். ஒவ்வொரு முடிச்சும் அரிசி அளவு.

எண்ணெய் வந்த மறுவாரம், கிழிந்திருந்த அந்த மூலையை வலை ஊசியை எடுத்துப் பின்னத் தொடங்கியிருக்கிறார். ஒரு முழம் பின்னிய பிறகுதான் இந்த வலையைக் கடலில் போட்டால் மீனும் எண்ணெய் வாடை அடிக்கும், யாரும் வாங்க மாட்டார்கள் என்பது உறைத்திருக்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டார். முடிச்சுப் போடாத கடைசி இழை இன்னும் தொங்குகிறது. தெரிந்தும் ஏன் பின்னினீர்கள் என்று கேட்டேன். "கை சும்மா இருக்கவில்லை" என்றார். அந்த ஒரு முழத்தின் மேல் மட்டும் விளக்கு விழும்படி வைத்திருக்கிறோம். நான் தோற்றது நல்லதாகப் போயிற்று.

அந்த நீலநிறப் படங்கள் எப்படிச் செய்தவை? கணினியிலா?

வெயிலில் செய்தவை. 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த முறை, சயனோடைப் என்று பெயர். கட்டட வரைபடத்துக்குச் சொல்லும் "ப்ளூபிரிண்ட்" இதிலிருந்து வந்ததுதான். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் ஒத்திகைக்கு வந்து, "இது எங்கள் பழைய டிராயிங் காகிதத்தின் நீலம் ஆயிற்றே" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி 1843-லேயே கடற்பாசிகளை இந்த முறையில் பதியத் தொடங்கினார். ஆகவே கடலோரத்துக்கு இது புதிய உறவு அல்ல.

செய்முறை எளிது. ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்று இரண்டு உப்புகளைத் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, பிறகு கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தாளில் தடவி உலர்த்த வேண்டும். தாள் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். அதன்மேல் இலையையோ வலைத்துண்டையோ வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மொட்டைமாடி வெயிலில் வைத்தால் பத்து நிமிடத்தில் திறந்த இடமெல்லாம் சாம்பல் பூத்துவிடும். தண்ணீரில் அலசினால் நிழல் விழுந்த இடம் வெள்ளையாகவும் வெயில் பட்ட இடம் நீலமாகவும் நிற்கும்.

எங்கள் மாணவர்களுக்கு முதல் நாள் நீலம் நிற்கவில்லை. கழுவக் கழுவ வெளிறியது. காரணம் போர் தண்ணீர். காரத்தன்மை இந்த நீலத்துக்கு ஆகாது. கேன் தண்ணீர் வாங்கி, முதல் அலசலில் எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள், நின்றது. பதித்திருப்பவை எண்ணூர்க் கழிமுகத்தின் அலையாத்தி இலைகள், ஒரு நண்டு ஓடு, ஒரு காலி மாத்திரை அட்டை. மாத்திரை அட்டையின் படத்தை ஜன்னல்கள் உள்ள அடுக்குமாடி என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். திருத்த வேண்டாம் என்று எடுத்த பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மில் எதற்கு? நல்ல கேலரி கிடைக்கவில்லையா?

நல்ல கேலரி எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். லலித்கலா அகாடமி கிரீம்ஸ் சாலையில். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-ல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில், நகரத்தின் மறுகோடி. தனியார் கேலரிகளும் ஏறக்குறைய எல்லாம் தெற்கே. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அது பெரியார் சாலையில், எங்களுக்குக் கொஞ்சம் பக்கம். 1929-ல் அதன் தலைமைக்கு வந்த முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையைப் புரட்டும் நான்கு பேரைக் கொண்ட உழைப்பாளர் சிலை அவர் செய்தது. எங்கள் குழுவில் பாதிப்பேர் வாழ்க்கையில் முதலில் பார்த்த சிற்பம் அதுதான். அதைப் பார்க்க டிக்கெட்டும் வேண்டியதில்லை, யாரும் முறைப்பதும் இல்லை.

காலடிப்பேட்டைக்கும் ஒரு பொருத்தம் உண்டு. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. காலெட் பேட்டைதான் பேச்சுவழக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. யாருடைய காலடியும் சம்பந்தப்படவில்லை. முன்னூறு வருடத்துக்கு முன் கைவேலைக்காரர்களுக்காக உண்டான ஊரில் கைவேலையைத் தொங்கவிடுவதற்கு விளக்கம் தேவையா?

இடைஞ்சலும் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர், ஆணி அடித்தால் கைப்பிடி மண்ணாக உதிர்கிறது. ஆகவே மேலே குறுக்காக இரும்புக்குழாய் போட்டு, நைலான் கயிற்றில் தொங்கவிட்டு, துணி வேலைகள் காற்றில் ஆடாமலிருக்க அடியில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைக் கட்டியிருக்கிறோம். இன்னொன்று, எவ்வளவு கழுவியும் மில்லில் மிளகாய்நெடி போகவில்லை. தும்மல் வந்தால் அது உணர்ச்சிப்பெருக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

எப்படி வருவது? எத்தனை மணிக்கு? டிக்கெட் உண்டா?

மெட்ரோவில் விம்கோ நகர் செல்லும் ரயிலில் ஏறிக் காலடிப்பேட்டையில் இறங்கினால் நடைதூரம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான இந்தப் பாதை 2021 பிப்ரவரியில் திறந்தது. அதற்கு முன்பென்றால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வர வேண்டும் என்று பதில் எழுதியிருப்பேன். கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயிலில் வருபவர்கள் திருவொற்றியூரில் இறங்கவும். கார் நிறுத்த இடம் இல்லை. தெரு அகலம் ஒரு ஆட்டோவும் ஒரு மாடும்.

காலை 10 முதல் இரவு 8 வரை. மதியம் 1 முதல் 3 வரை மூடியிருக்கும், நாங்களும் சாப்பிட வேண்டும். கட்டணம் இல்லை.

திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் யார்?

யாரும் இல்லை. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப்பரிசு எதுவும் இல்லை. மில் உரிமையாளரின் தாயார் முப்பது வருடம் அந்த மில்லின் சுவிட்சைப் போட்டவர். அவர் விளக்கு சுவிட்சைப் போடுவார், பிறகு டீ. இரண்டு கட்சிக்காரர்கள் அன்போடு விசாரித்தார்கள். பார்வையாளராக வாருங்கள், செருப்பை எல்லோரையும் போல் வெளியே விடுங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.

எனக்கு ஓவியம் புரியாதே, வந்து என்ன செய்ய?

மீன் வாங்கத் தெரியுமா? செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்கிறீர்கள். கண் பளபளப்பாக இருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். விரலால் அழுத்தி மேலெழும்புகிறதா என்று பார்க்கிறீர்கள். பத்து வினாடியில் இத்தனை பார்த்துவிட்டு "பார்க்கத் தெரியாது" என்பது அடக்கம். இங்கே விரலால் அழுத்துவதை மட்டும் தவிருங்கள்.

படம் பிடித்துக்கொள்ளலாமா?

தாராளமாக. கிழக்குச் சுவரில் மட்டும் வேண்டாம். ஓய்வுபெற்ற செவிலியர் வரைந்த கண்கள் அங்கே இருக்கின்றன. 2020-ல் வார்டில் அவர் பார்த்ததெல்லாம் முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள்தான். வீட்டுக்கு வந்து, மருந்து அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, உள்புற வெள்ளைப் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஞாபகத்திலிருந்து வரைந்திருக்கிறார். பெட்டியின் மடிப்புக்கோடு சில படங்களில் புருவத்தின் குறுக்கே போகிறது. ஒரு கண்ணில் மட்டும் ஓரத்தில் சுருக்கம். "அவர் சிரித்துக்கொண்டிருந்தார், வாய் தெரியாவிட்டாலும் தெரிந்தது" என்றார். யாருடைய உறவினராவது அடையாளம் கண்டுகொள்ளக்கூடும் என்பதால் அந்தச் சுவரை நேரில் மட்டும் பார்ப்போம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

கட்டாயம். பின்பக்க அறையில் தாளும் வண்ணமும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: அடியில் தொங்குவது உண்மையான ஈயம். ஈயம் நஞ்சு. துணியால் உறைபோட்டுக் கட்டியிருக்கிறோம், ஆனாலும் தவழும் குழந்தைகளை இடுப்பிலிருந்து இறக்கவேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளின் வெட்டுத்துண்டுகளில் தைத்த பெரிய போர்வையை மட்டும் தொடலாம். தைத்தவர், தொடாமல் பார்த்தால் வருத்தப்படுவார்.

படங்கள் விற்பனைக்கா? விலையை யார் வைப்பது?

வரைந்தவரே வைப்பார். நாங்கள் தரகு எடுப்பதில்லை. வாடகையை 23 பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். விலை வைக்கும் கூட்டம்தான் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது. முதல் தடவை கேட்டபோது பாதிப்பேர் தாள், வண்ணக் காசை மட்டும் சொன்னார்கள். உங்கள் உழைப்பு என்றால் சிரித்தார்கள். கடைசியில் தையற்காரர் ஒருவர் வழி சொன்னார்: ஒரு ரவிக்கைக்கு இத்தனை மணி நேரம், இத்தனை கூலி. அந்தக் கணக்கில் இதற்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். அதன்பிறகு சட்டென்று எண்கள் வந்தன.

பேரம் பேசுவது பற்றி ஒரு வார்த்தை. வரைந்தவர்களில் மூன்று பேர் காசிமேட்டில் மீன் விற்பவர்கள். முயன்று பாருங்கள்.

வாங்கிய படத்தை இந்த உப்புக்காற்றில் எப்படிக் காப்பது?

நீர்வண்ண ஓவியங்களுக்கு 300 கிராம் கனமுள்ள தாளைத்தான் பயன்படுத்தச் சொன்னோம். மெல்லிய தாள் எங்கள் ஊர் ஈரத்தில் அப்பளம்போல் நெளிந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியவை: படத்தை வெளிச்சுவரில், அதாவது மழைச்சாரல் அடிக்கும் சுவரில் மாட்டாதீர்கள். பிரேமுக்குப் பின்னால் நான்கு மூலையிலும் சிறிய தக்கைத் துண்டை ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓடினால் பூஞ்சை பிடிக்காது. கண்ணாடி தாளில் நேராக ஒட்டக்கூடாது, நடுவே அட்டை விளிம்பு இருக்கட்டும். கொக்கியும் கம்பியும் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். சாதாரணக் கொக்கி இரண்டு மழைக்காலம் தாங்காது, பிறகு நள்ளிரவில் படம் விழுந்து வீட்டில் எல்லோரையும் எழுப்பும்.

நீலப்படங்களை நேர்வெயிலில் மாட்டினால் வெளிறும். வெளிறிவிட்டால் பதற வேண்டாம். கழற்றிச் சில நாள் இருட்டு அலமாரியில் வைத்தால் நிறம் ஓரளவு திரும்பும். சோப்புத் தண்ணீர் மட்டும் படக்கூடாது.

அடுத்த முறை நானும் படம் தரலாமா?

அடுத்த முறை ஒன்று இருக்குமா என்பதே மில் விற்பனையாகிறதா என்பதைப் பொறுத்தது. இருந்தால் தரலாம். வடசென்னையில் குறைந்தது ஒரு மழைக்காலம் கழித்திருக்க வேண்டும், அதுதான் தகுதி. பரிசுப்போட்டி, சான்றிதழ் எதுவும் கிடையாது. கணினி வரைந்த படங்களை எடுத்துக்கொள்வதில்லை. அவை நன்றாக இல்லை என்பதல்ல, பக்கத்தில் நாற்காலி போட்டால் யார் உட்காருவது?

கடைசி நாள் மாலை வந்தால் பார்க்க முடியுமா?

ஞாயிறு மாலை 6 மணி வரை வாருங்கள். அதற்குமேல் இறக்கத் தொடங்கிவிடுவோம். விற்ற படங்களை அன்றே எடுத்துச் செல்லலாம். பழைய புடவை ஒன்று கொண்டுவந்தால் நல்லது, சுற்றிக் கொடுக்க எங்களிடம் இருப்பது செய்தித்தாள் மட்டும். கை கொடுக்க நான்கு பேர் இருந்தால் இன்னும் நல்லது. கயிறுகளை அவிழ்த்து, ஈயக்குண்டுகளை எண்ணி, விடிவதற்குள் காசிமேட்டில் சேர்த்தாக வேண்டும். ஒருவர் புது வலைக்குக் கட்ட வாங்கி வைத்திருந்தவை அவை. திங்கட்கிழமை அந்த வலை கடலில் இறங்குகிறது. ஒரு குண்டு குறைந்தாலும் வலை ஒருபக்கம் தூக்கும் என்று இப்போதே மூன்று தடவை சொல்லிவிட்டார்.